சௌக்கியம் என்ற சொல்

காலை எட்டேகாலுக்குப் பள்ளி வாசலில் வரிசை கூடிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே குரல்மானி, அதில் ஒரு சின்னத் திரை. பிள்ளை கூண்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஏதாவது ஒன்றைச் சொல்லும். கத்தினாலொழிய வெளியே நிற்பவர்களுக்குச் சத்தம் கேட்காது. கூண்டின் தலையில் விளக்கு எரியும். பச்சை என்றால் உள்கதவு திறக்கும். ஒரு பிள்ளைக்கு ஏழு நொடி, அவ்வளவுதான்.

இன்னதுதான் சொல்ல வேண்டும் என்று விதி கிடையாது. தொடக்கத்தில், எப்படி இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. தேர்வு நாளில் வகுப்பே சேர்ந்து "என்னால முடியல" என்றது; வீட்டில் அடி வாங்கி வந்த பிள்ளை "நல்லாருக்கேன்" என்றது. அதனால் மனநல ஆணையம் சொல்லைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. குரல்மானி பொருளைக் கேட்காது. குரலை மட்டும் கேட்கும். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தினமும் "இட்லி" என்று மட்டும் சொல்வாள் என்று காவலாளி மாடசாமி என்னிடம் சொல்லிச் சிரித்தான். உதட்டைப் பார்த்தே அவனுக்குத் தெரியுமாம்.

எங்கள் வீட்டுப் பிள்ளை "சௌக்கியம்" என்று சொல்வாள்.

ஆவுடை என் தம்பி மகள். பதின்மூன்று வயது. தம்பி சங்கரன் அவளுடைய நாலு வயதில் போய்விட்டான். அவளும் அவள் தாய் செண்பகமும் பாளையங்கோட்டையில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் காப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது: கோமதிநாயகம், ஓய்வுபெற்ற நில அளவையர். செண்பகத்தின் பெயரைப் போடலாமா என்று எழுத்தர் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். குடும்பம் என்றால் ஒரு தலைதான் இருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் யாராவது நலம் கேட்டால் "சௌக்கியம்" என்போம். என் தகப்பனாருக்கு வயிற்றில் கட்டி வந்து கடைசி மாதத்தில் கிடந்தபோதுகூட, பார்க்க வந்தவர்களிடம் அதைத்தான் சொன்னார். வீட்டுக்குள் இருப்பதை வாசலில் கொட்டுவது எங்கள் வழக்கமில்லை. தெருவில் மற்ற பிள்ளைகள் ஓகே என்பார்கள், சூப்பர் என்பார்கள், ஒன்றுமே சொல்லாமல் தோளைக் குலுக்குவார்கள். எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று இந்த ஒரு சொல்லைச் சொல்வார்கள். பள்ளியில் ஆவுடைக்குப் பட்டப்பெயரே அதுதான். "ஏ சௌக்கியம், கணக்கு நோட்டத் தாளா" என்று கூப்பிடுவார்களாம். கேலிதான். எனக்கு அதில் குறையாக ஒன்றும் படவில்லை.

குரல்மானி ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாற்பது நாள் கேட்டுப் பழகும். பிள்ளை சிரித்து, அழுது, தூங்கி வழிந்து பேசுகிற எல்லாவற்றிலிருந்தும் அதற்கென்று ஓர் அடிக்குரல் எடுக்கும். பிறகு தினசரிக் குரலை அதோடு ஒப்பிடும். விலகினால் மஞ்சள், நல அலுவலர் வந்து பிள்ளையிடம் பேசுவார். மிகவும் விலகினால் சிவப்பு. மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் பிள்ளை தேறல் இல்லத்துக்குப் போய்விடும். அது குடும்பப் பதிவிலும் ஏறும்.

ஆவுடை ஆறாம் வகுப்பில் சேர்ந்த அந்த நாற்பது நாளும் காலை ஆறு மணிக்கு அவளைக் கூடத்தில் நிற்க வைத்தேன். "சொல்லு" என்பேன். "சௌக்கியம்" என்பாள். "கடைசியில குரல் எறங்குது. திருப்பிச் சொல்லு." தகப்பன் இல்லாத பிள்ளை, அந்தக் குரலில் ஒரு நடுக்கம் எப்போதும் உண்டு. அது அடிக்குரலில் பதிந்தால் குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைத்தேன். இருபதாம் நாளுக்குள் நடுக்கம் போய்விட்டது. நாற்பதாம் நாள் பள்ளியிலிருந்து வரைபடம் வந்தது. மற்ற பிள்ளைகளின் கோடு மேலும் கீழும் ஆற்றங்கரை மாதிரி வளைந்திருக்கும். இவளுடையது அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் நிலத்தில் கோடு போட்டவன் நான். அப்படி ஒரு நேர்கோட்டை நான் போட்டதில்லை. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

வாசல் நிலையில் ஆணையத்தார் அடித்துக் கொடுத்த பச்சைப் பட்டையிட்ட பித்தளைத் தகடும் இருந்தது. சிவப்பே விழாத குடும்பம். எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான்.

ஆவணியில் ஒருநாள் செண்பகம் என்னிடம் வந்து நின்றாள். என் நாற்காலிக்கு எதிரே அவள் அதிகம் நிற்க மாட்டாள்.

"அத்தான், ஆவுடை சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"மெலிஞ்சுக்கிட்டே போறா. யூனிபார்ம் இடுப்புல நிக்க மாட்டேங்குது, ஊக்கு குத்தி அனுப்புதேன்."

"டப்பா காலியாத்தான வருது?"

"காலியாத்தான் வருது."

"வளருத பிள்ள மெலியத்தான் செய்யும். வெளக்கு என்ன சொல்லுது?"

"பச்சைதான்."

"பெறகென்ன?"

அவள் போகவில்லை. "அந்த ஷிபானா போனதுலருந்துதான் அத்தான் இப்படி" என்றாள்.

ஷிபானா மேலப்பாளையத்துப் பெண். ஆவுடையின் பக்கத்து இருக்கை. ஒரே ஒரு சிநேகிதி. ஆடிக் கடைசியில் மூன்று நாள் சிவப்பு விழுந்து தேறல் இல்லத்துக்குப் போய்விட்டாள். அங்கே போன பிள்ளை தேறினாலும் பழைய பள்ளிக்குத் திரும்பாது. வகுப்பில் அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது; மற்ற பிள்ளைகளின் மனம் கலங்கும் என்று விதி. அவள் நாற்காலியைக்கூட அன்று மதியமே எடுத்துவிட்டார்களாம்.

"கூடப் படிச்ச பிள்ள போயிட்டா ரெண்டு நாள் வருத்தம் இருக்கும்" என்றேன். "சரியில்லாத பிள்ளன்னு என் வீட்டுல ஒண்ணு கெடையாது. இத வெளிய யார்ட்டயும் பேசாத."

"உங்க தம்பியப் பத்தியும் மாமா இதத்தான் சொன்னாங்களாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. சங்கரனுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அவனுடைய வாத்தியார் ஒருவர், பையன் மனம் ஒடிந்திருக்கிறான், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதிவிட்டார். அப்போது குரல்மானி கிடையாது. தகப்பனார் நேரே போய்த் தலைமை ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்க வைத்தார். சங்கரன் அதன் பிறகு அதிகம் பேசவில்லை. படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், முப்பத்தெட்டு வயதில் ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். முந்தின நாள் நான் கேட்டதற்கு "சௌக்கியம்ணே" என்றுதான் சொன்னான்.

பின்னாளில் ஆணையம் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டபோது நான் எழுந்து பேசினேன். ஒருவர் மனத்தைப் பற்றி இன்னொருவர் சொல்லுகிற சொல் எந்தப் பதிவிலும் ஏறக்கூடாது என்றேன். கை தட்டினார்கள். பிறர் வாய்மொழி விலக்கு என்று அது சட்டமே ஆயிற்று.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் பின்கட்டில் நடந்துகொண்டிருந்தேன். கட்டெறும்புகள் ஒரு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கோடு எங்கே போகிறது என்று பார்ப்பது தொழில் பழக்கம். நார்த்தை மரத்தின் தூரில் போய் முடிந்தது. சருகைக் காலால் தள்ளினேன். சோறு. அன்றைய புளியோதரை மேலே. அதன் கீழே காய்ந்த தயிர்ச்சோறு. அதற்கும் கீழே பூசணம் பூத்து நிறம் மாறிய சோறு, அடுக்கடுக்காக. ஒரு முழம் அகலத்துக்குக் கிடந்தது.

"ஏளா ஆவுடை, இங்க வா."

வந்தாள். நான் மரத்தடியைக் காட்டினேன்.

"யாரு கொட்டுனது?"

"நாந்தான் பெரியப்பா."

"ஏன்?"

"பசிக்கல."

"எத்தன நாளா?"

"ஷிபானா போனதுலருந்து."

மணி என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். அப்போதுதான் அவள் கழுத்தெலும்பைப் பார்த்தேன். சட்டைக்குள்ளிருந்து இரண்டு குச்சிகள் மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. இத்தனை நாள் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"உனக்கு என்ன செய்யுது?" என்றேன். அந்தக் கேள்வியை நான் அந்த வீட்டில் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து நின்றாள். "சௌக்கியம் பெரியப்பா."

பொய் சொல்லுகிற முகம் இல்லை. வேறு பதில் தெரியாத முகம்.

அன்று அவளுடைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, அழகான எழுத்தில். கீழே ஒன்றுமில்லை. முப்பது பக்கத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

மறுநாள் நல அலுவலரைப் பார்க்கப் போனேன். தங்கபுஷ்பம் என்று பெயர். முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்க சார். ஆவுடை பெரியப்பாதான? இந்த ஸ்கூல்லயே அவ கோடுதான் சார் நம்பர் ஒன்."

"அந்தக் கோடு தப்பு" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு, நோட்டு, நாற்பது நாள் காலைப் பயிற்சி. என் வாயால் சொன்னேன். மருத்துவரிடம் காட்டச் சீட்டு வேண்டும் என்றேன். சிவப்புச் சீட்டு இல்லாமல் எந்த மனநல மருத்துவரும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பார்க்க முடியாது.

"நீங்க சொல்லுதத நான் எழுத முடியாது சார். பிறர் வாய்மொழி."

"நான் பிறர் இல்ல. பெரியப்பா."

"சட்டத்துல அவளத் தவிர எல்லாரும் பிறர்தான் சார்." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "காலம்பற ஒரு அம்மா வந்தாங்க. எம்பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சிட்டு, எழுதிக் குடுங்கன்னு. என்னன்னு பாத்தா பொண்ணு எவனையோ விரும்புதாம். இந்தச் சட்டம் இல்லன்னா நான் எழுதிக் குடுத்துருக்கணும்."

ஊர்க்கூட்டத்தில் நான் சொன்ன நியாயமே அதுதான்.

"சரி, நீங்க தெனமும் அவளப் பாக்கீங்கல்லா? கண்ணால பாக்கும்போது ஒண்ணும் தெரியலியா?"

அவள் மேசையைப் பார்த்தாள். "தெரியுது சார். கண்ணால பாத்தத எழுதத்தான் எடம் இல்ல. பாரத்துல அந்தக் கட்டமே கெடையாது."

கதவு வரை வந்த பிறகு அவளே கூப்பிட்டாள். "சார், ஒரு வழி இருக்கு. காப்பாளருக்குச் சிவப்பு விழுந்தா, அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு அடிக்குரல புதுசா எடுக்கணும். நாப்பது நாளும் நான் கூட உக்காரலாம், பேசலாம். உங்க குரலும் இங்க பதிவாகியிருக்கு. மாசத்துக்கு ஒருக்க வந்து சொல்லுதீங்கல்லா, அதே கூண்டுதான். ஆனா..." என் வீட்டு வாசலில் என்ன தகடு இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் திருப்புளியை எடுத்து நானே அந்தத் தகட்டைக் கழற்றினேன். நாளைக்கு ஆணையத்து ஆள் வந்து தெருவே பார்க்கக் கழற்றுவதைவிட அது மேல். நாலு திருகாணி. அடியில் மரம் வெளுத்திருந்தது. செண்பகம் கதவோரம் நின்று பார்த்தாள். காலையில் பள்ளியிலேயே ஒப்படைத்துவிடலாம் என்று தகட்டைத் துணிப்பையில் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலை ஆவுடையோடு நானும் வரிசையில் நின்றேன். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. வேறு மாதிரி வெளியே போக எனக்குத் தெரியாது. மாடசாமி வழக்கம்போல் "சௌக்கியமா சார்?" என்றான். வழக்கம்போல் பதில் சொன்னேன்.

"இன்னைக்கு என்ன பெரியப்பா, மாசக் குரல் பதினஞ்சாம் தேதிதான?" என்றாள் ஆவுடை.

"முன்னாடியே குடுத்துருதேன்" என்றேன்.

கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே நம் மூச்சு நமக்கே கேட்கும். சங்கரன் முகம், மரத்தடிச் சோறு, கழுத்தெலும்பு எல்லாம் தொண்டையில் வந்து நின்றன. எந்தக் கருவியும் இதைக் கண்டுகொள்ளும் என்று நம்பினேன்.

"என் வீட்டுப் பிள்ளை சரியில்லை. நானும் சரியில்லை. எங்களால் முடியவில்லை" என்றேன்.

என் குரல் என் காதிலேயே விழுந்தது. எல்லைத் தகராறில் தீர்ப்பு வாசிப்பவன் குரல்.

பச்சை.

காப்பாளருக்கு மூன்று முறை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சங்கரன் பெயரைச் சொன்னேன். பச்சை. மூன்றாவது முறை கத்தினேன். எழுபத்தோரு வயதுக்கு எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு. கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் "உரத்த பேச்சு, இயல்பு" என்று வந்தது. பச்சை.

அழுதாலாவது ஆகியிருக்கும். அழவும் முயன்றேன். அது எங்கிருந்து தொடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

காப்பாளருக்கு உள்கதவு திறக்காது. வந்த வழியே வெளியே வந்தேன். வரிசையில் யாரோ, "பெரியவருக்குக் காது மந்தம் போல, என்னா சத்தம்" என்றார்கள். ஆவுடை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி வழியே என் உதட்டைப் பார்த்திருக்கிறாள்.

"விடுங்க பெரியப்பா" என்றாள், அதே சமமான குரலில். "அதுக்குக் கேக்காது. நானும் தெனமும் சொல்லித்தான் பாக்கேன்."

"என்ன சொல்லிப் பாக்க?"

"சொல்லு கணக்கில்லன்னு தெரியும். இருந்தாலும் உள்ள யாராவது கேட்டுக்கிட்டு இருப்பாங்களோன்னு."

அவள் முறை வந்துவிட்டது. புத்தகப் பையை நேராக்கிக்கொண்டு கூண்டுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

இரண்டு வருடமாக எத்தனையோ காலை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். தலைக்கு மேல் விளக்கைத்தான் பார்ப்பேன். அன்றுதான் முதல் முறையாக அவள் வாயைப் பார்த்தேன். சௌக்கியம் என்று சொன்னால் உதடு கடைசியில்தான் மூடும். அவள் உதடு நடுவில் மூடியது. மூடித் திறந்து, நாக்கு மேலே தொட்டு நின்றது. மெதுவாக, திருத்தமாக, நான் சொல்லிக்கொடுத்தபடி கடைசியில் இறங்காமல் சொன்னாள்.

எனக்கு முடியல.

பச்சை எரிந்தது. உள்கதவு திறந்தது.

"சார், வழி விடுங்க, பிள்ளைங்க நிக்கி" என்றான் மாடசாமி. நான் ஓரமாக நகர்ந்தேன். கையில் துணிப்பை கனத்தது. அடுத்து ஆறாம் வகுப்புச் சிறுமி உள்ளே போனாள். அவள் உதடு இட்லி என்றது. விளக்கு ஒரு நொடி தயங்கி மஞ்சளாக எரிந்தது. உள்ளேயிருந்து தங்கபுஷ்பம் ஓடி வந்தாள். அந்தப் பிள்ளையின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, வீட்டுல சண்டையா? சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது.

அவர்களைத் தாண்டி ஆவுடை தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் ஒருமுறை தலையைத் தூக்கி அவள் போவதைப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பிள்ளையிடம் திரும்பினாள். ஆவுடை திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் ஊக்கு குத்திய சீருடை, முதுகில் பை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நடக்கிறபடியே, கழுத்தை நிமிர்த்தி, கோடு போட்டதுபோல் நேராகப் போனாள்.